ஆக்சிமீட்டரில் தெரியாத ஆக்சிஜன்: உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்ற பெயர் இன்று இரண்டு இடங்களில் காதில் விழுகிறது. ஆறாத சர்க்கரைப் புண்ணால் காலையே இழந்துவிடுவோமோ என்ற நிலையில் இருப்பவருக்கு மருத்துவமனை அதைப் பரிந்துரைக்கிறது. முகம் பொலியும், முதுமை தள்ளிப்போகும், குழந்தையின் ஆட்டிசம் சரியாகும் என்று கைபேசி விளம்பரங்களும் அதையே விற்கின்றன. இரண்டு படங்களிலும் ஒரு குழாய் வடிவ அறை, உள்ளே படுத்திருக்கும் ஒருவர். உள்ளே நடப்பதோ பெரும்பாலும் வேறு வேறு. எது மருத்துவம், எது வெறும் அறை என்று பிரித்தறிய, இரத்தம் ஆக்சிஜனை எப்படிச் சுமக்கிறது என்ற ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடப் பெருக்கலுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

முதலில் வரையறை. அழுத்தம் கூட்டப்பட்ட அறைக்குள் நோயாளியின் முழு உடலும் இருக்க வேண்டும். அங்கே அவர் கிட்டத்தட்ட 100 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். காலை மட்டும் ஒரு பைக்குள் விட்டு ஆக்சிஜன் பாய்ச்சுவது இதில் சேராது. அழுத்தத்தை அளக்கும் அலகு ஏடிஏ. கடல் மட்டத்தில் நாம் சாதாரணமாக உணரும் காற்றழுத்தம் 1 ஏடிஏ, அதாவது 760 மில்லிமீட்டர் பாதரசம். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அது 2 ஏடிஏ, 20 மீட்டரில் 3. மருத்துவமனைச் சிகிச்சை பெரும்பாலும் 2 முதல் 2.8 ஏடிஏ வரை நடக்கும். தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது 3-ஐத் தாண்டுவதில்லை. இத்துறையின் முதன்மை அமைப்பான அமெரிக்காவின் கடலடி மற்றும் உயர் அழுத்த மருத்துவச் சங்கம், 1.4 ஏடிஏவுக்குக் குறைந்ததை இந்தச் சிகிச்சையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும் இரண்டு இடங்கள்

கோவிட் காலத்துக்குப் பிறகு பல்ஸ் ஆக்சிமீட்டரைத் தெரியாதவர் இல்லை. விரலில் மாட்டினால் 98 என்று காட்டும். இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில், ஆக்சிஜன் ஒட்டக்கூடிய இடங்களில் 98 சதவீதம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்பதே அந்த எண். எந்த இயந்திரத்தைக் கொண்டு வந்தாலும் மிச்சமிருக்கும் 2 சதவீதத்தைத்தான் நிரப்ப முடியும்.

அப்படியானால் அழுத்த அறை எதைக் கூட்டுகிறது? ஆக்சிஜன் இருக்கும் இரண்டாவது இடத்தை. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலும் ஆக்சிஜன் கொஞ்சம் நேரடியாகக் கரைந்திருக்கிறது. வழக்கமாக அது மிகவும் அற்பம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அது சுமப்பது ஏறத்தாழ 20 மில்லிலிட்டர். அதே 100 மில்லிலிட்டரில் கரைந்திருப்பதோ வெறும் 0.3 மில்லிலிட்டர். உடற்பாடங்களில் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்வரை அது நியாயமும்கூட. அழுத்த அறைக்குள் போனதும் கதை மாறுகிறது.

கோலி சோடாவும் பிளாஸ்மாவும்

கோலி சோடாவில் வாயு தண்ணீருக்குள் அடங்கியிருப்பதற்குக் காரணம், அடைக்கும்போது கொடுத்த அழுத்தம். கோலியைத் தட்டி உள்ளே தள்ளியதும் அழுத்தம் இறங்குகிறது, வாயு குமிழியாக வெளியேறுகிறது. ஒரு திரவத்தில் எவ்வளவு வாயு கரையும் என்பது, அதன் மேல் அந்த வாயு செலுத்தும் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 1803-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி வகுத்த இந்த விதியே சிகிச்சையின் முதுகெலும்பு. ஹீமோகுளோபினுக்கு உச்சவரம்பு உண்டு. கரைவதற்கு அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. அழுத்தம் ஏற ஏற அதுவும் ஏறிக்கொண்டே போகும்.

எண்களில் பார்ப்போம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில், ஒவ்வொரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கும் 0.003 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கரையும். சாதாரணக் காற்றில் நுரையீரலின் நுண்ணறைகளில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100, எனவே 0.3 மில்லிலிட்டர். அதே 1 ஏடிஏவில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அந்த அழுத்தம் 670-ஐ ஒட்டி ஏறும். கரைவது 2 மில்லிலிட்டர். 2.4 ஏடிஏவில் 5 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். 3 ஏடிஏவில் 6-ஐத் தாண்டும்.

இந்த 5, 6 என்பவை ஏன் முக்கியம்? ஓய்வாக இருக்கும் உடல், ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். ஆகவே 3 ஏடிஏவில் உடலின் மொத்தத் தேவையையும் பிளாஸ்மா மட்டுமே சமாளித்துவிடும். நம்ப மறுப்பவர்களுக்கென்றே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இதய அறுவை நிபுணர் இட்டே போரெமா, பன்றிகளின் இரத்தத்தை எடுத்துவிட்டு ஹீமோகுளோபின் அநேகமாக இல்லாத திரவத்தை ஏற்றி, 3 ஏடிஏ அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். 1960-இல் அதன் முடிவு வெளியானது. கடும் இரத்தசோகை உள்ளவர், மத நம்பிக்கை காரணமாக இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுத்தால் இன்றும் இந்த வழி கைகொடுக்கிறது.

இதுவரை பார்த்தது: ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது. அழுத்த அறை கூட்டுவது பிளாஸ்மாவில் கரையும் ஆக்சிஜனை. ஆக்சிமீட்டர் பார்ப்பது ஹீமோகுளோபினை மட்டும் என்பதால் இந்த மாற்றம் அதில் தெரியாது. மருந்தின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: அழுத்தம், ஆக்சிஜன் சதவீதம், நேரம். ஒன்று குறைந்தாலும் மருந்து குறைகிறது.

ஆறாத புண்ணுக்குள்

நீரிழிவு உள்ளவரின் பாதப் புண்ணை எடுத்துக்கொள்வோம். நுண் இரத்தக்குழாய்கள் சேதமாகி, சுற்றிலும் வீங்கி, சிவப்பணு போய்ச் சேராத திட்டுகள் அங்கே உருவாகின்றன. ஆரோக்கியமான திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். இத்தகைய புண்ணின் நடுவில் 20-க்கும் கீழே போய்விடும்.

ஆக்சிஜன் குறைந்தால் மூன்று வேலைகள் நிற்கின்றன. வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கினாலும் அதைக் கொல்வதற்கான வேதிப்பொருளைச் செய்ய ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாமல் கிருமி தங்கிவிடுகிறது. தழும்பைக் கட்டும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணையவும் ஆக்சிஜன் வேண்டும். புதிய நுண்குழாய்கள் வளர, புண்ணின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஆக்சிஜன் அளவில் செங்குத்தான வேறுபாடு இருக்க வேண்டும். நடுவும் ஓரமும் ஒருசேர ஆக்சிஜன் இல்லாமல் கிடந்தால் அந்த வேறுபாடு மழுங்கிவிடும்.

கரைந்த ஆக்சிஜனின் அழுத்தம் உயரும்போது, அது நுண்குழாயிலிருந்து திசுவுக்குள் பரவும் தூரமும் இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுகிறது. சிவப்பணு நுழையாத இடத்துக்கும் பிளாஸ்மா வழியே ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. கூடவே இரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் வீக்கமும் தணிகிறது. குழாய் சுருங்கினால் ஆக்சிஜன் குறையாதா என்று கேட்கத் தோன்றும். இரத்த ஓட்டம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும், ஓடும் இரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் பல மடங்கு என்பதால் கணக்கு லாபத்திலேயே முடிகிறது.

அறையை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்துக்குள் திசுவின் ஆக்சிஜன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அறைக்குள் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில், அதாவது ஒரு சிட்டிங்கில், தூண்டிவிடப்பட்ட குழாய் வளர்ச்சி உடனே நின்றுவிடாது. அதனால்தான் ஒரே தடவையில் முடியாமல், வாரம் ஐந்து நாள் வீதம் 20 முதல் 40 சிட்டிங் வரை போகிறது. முதல் பத்து நாளில் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுவது அப்போதுதான்.

ஒரு நிபந்தனையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிளாஸ்மாவும் ஓடினால்தான் போய்ச் சேரும். காலுக்குப் போகும் பெரிய தமனியே அடைத்திருந்தால் எத்தனை சிட்டிங் கொடுத்தும் பலனில்லை. முதலில் அடைப்பை நீக்க வேண்டும். இதைச் சோதிக்கத் தோலின் மேல் ஒரு உணரியை ஒட்டி, அதன் வழியே கசியும் ஆக்சிஜன் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை உண்டு. புண்ணைச் சுற்றி 40 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அங்கே ஆக்சிஜன் பஞ்சம் என்று பொருள். அழுத்த அறைக்குள் அதே இடத்தில் 200-ஐத் தாண்டினால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு. அறைக்குள்ளும் ஏறவே இல்லை என்றால் நோயாளியின் பணத்தையும் நேரத்தையும் வீணாக்கக் கூடாது.

குமிழிகளும் புகையும்

இச்சிகிச்சைக்கு மிக உறுதியான இடம் புண்களில் இல்லை, ஆழ்கடலில் இருக்கிறது. சிலிண்டர் கட்டி ஆழத்துக்குப் போகிறவரின் உடலில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. அவர் வேகமாக மேலே வந்தால் அந்த நைட்ரஜன் கோலி சோடாவைப் போலவே இரத்தத்திலும் மூட்டிலும் தண்டுவடத்திலும் குமிழிகளாகும். இதுதான் அழுத்தத் தளர்வு நோய்: மூட்டு வலி, கால் மரப்பு, சிறுநீர் அடைப்பு, சில சமயம் இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. இலங்கையின் வடக்கு, கிழக்குக் கடல்களில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்குபவர்களுக்கு இது அறிமுகமான தொழில் ஆபத்து.

நோயாளியை மீண்டும் 2.8 ஏடிஏவுக்குக் கொண்டுபோனால் குமிழியின் கன அளவு சுமார் 36 சதவீதமாகச் சுருங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விட்டத்தில் பார்த்தால் அது 71 சதவீதம்தான். அழுத்தம் மட்டும் போதாது. தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது உள்ளே வரும் காற்றில் நைட்ரஜனே இல்லை. ஆகவே குமிழியிலிருக்கும் நைட்ரஜன் இரத்தத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் வெளியேறுகிறது. இதற்கு உலகெங்கும் பயன்படும் அட்டவணை அமெரிக்கக் கடற்படையின் 6-ஆம் அட்டவணை. 2.8 ஏடிஏவில் தொடங்கி, பின் 1.9-க்கு இறக்கி, மொத்தம் 4 மணி 45 நிமிடம். வலி வந்தவரைத் திரும்பக் கடலில் இறக்கினால் சரியாகிவிடும் என்ற பழக்கம் பல கரைகளில் உண்டு. கை கால் மரத்துப்போனவர் நீருக்குள் மயங்கினால் காப்பாற்ற ஆளில்லை. கரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முகமூடியில் தூய ஆக்சிஜன் கொடுத்து, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்க வைத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. விமானத்தில் உயரப் பறப்பது, மலைப்பாதையில் ஏறுவது இரண்டையும் தவிர்க்க வேண்டும். அங்கே அழுத்தம் இன்னும் குறைந்து குமிழி பெருக்கும்.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்கள், உள்ளே ஜெனரேட்டர் ஓடவிட்டவர்கள், காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டவர்கள் என்று இது திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம். முகமூடியில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். 3 ஏடிஏவில் அரை மணிக்கும் குறைவு. இங்கேயும் ஆக்சிமீட்டரை நம்பக் கூடாது. மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணி, சாகும் நிலையில் இருப்பவருக்கும் 98 காட்டும். இரத்தப் பரிசோதனையில் தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும். அழுத்த அறை தூரத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் முகமூடி ஆக்சிஜனை உடனே தொடங்க வேண்டும்.

எதற்கு உறுதி, எதற்கு இழுபறி, எதற்கு ஒன்றுமில்லை

அழுத்தத் தளர்வு நோய், இரத்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுவது ஆகிய இரண்டுக்கும் இதுவே முதன்மைச் சிகிச்சை. கேஸ் கேங்ரீன் என்ற தசை அழுகலில் அறுவையோடும் ஆன்டிபயாடிக்கோடும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தக் கிருமி ஆக்சிஜனில் தன் நஞ்சைச் சுரக்க முடியாமல் திணறும். கத்தி பிடிக்க வேண்டிய நேரத்தில் அறைக்குள் அனுப்பித் தாமதிப்பது தவறு. கதிர்வீச்சு சிகிச்சை பெற்றுப் பல மாதங்கள் கழித்துச் சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவு, தாடை எலும்பு இற்றுப்போதல் போன்றவை வந்தாலும் பயன்படுகிறது. திடீரென ஒரு காது கேட்காமல் போனால் ஸ்டீராய்டுடன் சேர்த்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். “மெழுகு அடைத்திருக்கும்” என்று ஒரு மாதம் காத்திருந்துவிட்டு வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

நீரிழிவுப் புண் இழுபறிப் பட்டியலில்தான் இருக்கிறது. இதை விற்பவர்கள் சொல்ல விரும்பாத விஷயம் அது. பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு 2015-இல் சொன்னது: ஆறு வாரத்தில் புண் ஆறுவது கூடுகிறது, ஓர் ஆண்டு முடிவில் அந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. 2018-இல் நெதர்லாந்தில் 120 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் தெளிவான ஆதாயம் கிடைக்கவில்லை. அதில் பலர் சிட்டிங்குகளை முடிக்கவே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு ஒரு நடுவழியைப் பிடித்திருக்கிறது. புண் ஆழமாகப் போய் எலும்பையோ சீழ்க்கட்டியையோ எட்டியிருக்க வேண்டும். 30 நாள் முறையான சிகிச்சைக்கும் அசையாமல் இருக்க வேண்டும். அறைச் சிகிச்சை தொடங்கிய பிறகும் எந்த 30 நாளிலாவது அளக்கத்தக்க முன்னேற்றம் இல்லை என்றால் பணம் தராது. முறையான சிகிச்சை என்றால் அழுகிய சதையை வெட்டி நீக்குதல், சர்க்கரைக் கட்டுப்பாடு, தொற்றுக்கு மருந்து, புண்ணின் மேல் உடல் பாரம் விழாதபடி செருப்பு அல்லது மாவுக்கட்டு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு அழுத்த அறைக்கு ஓடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காலையில் சிட்டிங் முடித்து, அதே புண்ணை ஊன்றிப் பேருந்து நிலையம் வரை நடந்தால் எதுவும் ஆறாது.

ஆட்டிசம், பெருமூளை வாதம், புற்றுநோய், முதுமை ஆகியவை மூன்றாவது வகை. பெருமூளை வாதம் உள்ள 111 குழந்தைகளிடம் கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு இங்கே பாடம். ஒரு பிரிவுக்கு 1.75 ஏடிஏவில் தூய ஆக்சிஜன், இன்னொரு பிரிவுக்கு 1.3 ஏடிஏவில் வெறும் காற்று. இரண்டு பிரிவுகளும் முன்னேறின, ஒரே அளவில். 40 சிட்டிங், பெற்றோரின் முழுக் கவனம், சக குழந்தைகளின் துணை ஆகியவையே ஒரு குழந்தையை முன்னேற்றக்கூடும். ஆக்சிஜனின் பங்கு என்று தனியாக எதையும் காட்ட முடியவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் இத்தகைய உரிமைகோரல்களை நம்பவேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

இந்த மிகைப்பேச்சு புதிதும் அல்ல. 1928-இல் ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 64 அடி விட்டத்தில், பல அடுக்கு உள்ள எஃகு உருண்டை ஒன்றையே மருத்துவமனையாக எழுப்பினார். உள்ளே அழுத்தப்பட்ட காற்று. நீரிழிவும் புற்றுநோயும் குணமாகும் என்றார். அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, வரவில்லை. 1942-இல் அந்த உருண்டை போர்க்கால இரும்புக்காக உடைக்கப்பட்டது.

ஒரு சிட்டிங் எப்படி நடக்கும்

அறைகள் இரண்டு வகை. ஒருவர் மட்டும் படுக்கும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாயில் பெரும்பாலும் அறையையே தூய ஆக்சிஜனால் நிரப்புவார்கள். பலர் அமரும் எஃகு அறையில் அழுத்தம் கொடுப்பது சாதாரணக் காற்று. ஆக்சிஜன் முகமூடியிலோ தலையை மூடும் ஒளி ஊடுருவும் ஹூட்டிலோ வரும். கவனிப்பாளர் உள்ளேயே இருக்க முடியும் என்பதால் தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு இரண்டாவது வகை ஏற்றது.

உள்ளே போகுமுன் நூறு சதவீதப் பருத்தி உடைக்கு மாற்றுவார்கள். எண்ணெய், கிரீம், செண்ட், நகப்பூச்சு, கைபேசி, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, லைட்டர் எதுவும் கூடாது. தலைக்கு எண்ணெய் வைப்பது நம்மிடம் அன்றாடப் பழக்கம் என்பதால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். ஒருவர் மட்டும் படுக்கும் அறையில் நிலைமின்சாரம் தேங்காமல் இருக்க மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதைத் தரையோடு இணைப்பார்கள். இரத்தச் சர்க்கரையும் பார்ப்பார்கள். சிட்டிங்கின்போது அது இறங்கக்கூடும். 120-க்குக் கீழே இருந்தால் பல மையங்கள் ஏதாவது சாப்பிட வைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பும். ஆகவே வெறும் வயிற்றில் போகக் கூடாது.

கதவை மூடிய பிறகு 10 முதல் 15 நிமிடம் அழுத்தம் ஏறும். அறை சற்றுச் சூடாகும், காது அடைக்கும். 1-இலிருந்து 2 ஏடிஏ வரும்போது நடுச்செவியின் காற்று பாதியாகச் சுருங்குகிறது; 2-இலிருந்து 3 வரும்போது பாதி மூன்றில் ஒன்றாகிறது, அவ்வளவே. எனவே காதுக்குப் பெரிய தொல்லை ஆரம்ப நிமிடங்களில்தான். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும், அல்லது எச்சில் விழுங்க வேண்டும். வலி வரும்வரை காத்திருந்தால் மூக்குக்கும் காதுக்கும் இடையிலான குழாய் அழுந்தி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது, வேகமாக ஊதினால் உட்செவி சேதமாகும். அடைப்பு தொடங்கியதுமே கையசைத்தால் இயக்குபவர் அழுத்தத்தை நிறுத்திச் சற்று இறக்குவார். கூச்சப்பட்டுப் பொறுத்துக்கொள்பவர்களுக்குத்தான் செவிப்பறை கிழிகிறது. கடும் சளி இருந்தால் அன்று போகாமல் இருப்பது நல்லது. மயக்கத்தில் இருப்பவர்களுக்குச் செவிப்பறையில் சிறு துளையிட வேண்டியிருக்கலாம்.

சிகிச்சை அழுத்தத்தில் சுமார் 90 நிமிடம். இடையில் 5 முதல் 10 நிமிடம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சொல்வார்கள். நேரத்தை இழுப்பதற்காக என்று சிலர் நினைப்பதுண்டு. ஆக்சிஜன் அளவு மீறினால் மூளைக்கும் நுரையீரலுக்கும் நஞ்சு. அந்த இடைவேளை மூளைக்கு ஓய்வு. பிறகு அழுத்தம் மெல்ல இறங்கும்போது அறை குளிரும், காது தானாகத் திறந்துகொள்ளும். இறங்கும் நேரத்தில் எக்காரணத்தாலும் மூச்சை அடக்கக் கூடாது. நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து திசுவைக் கிழிக்கும்.

சுருக்கமாக: பருத்தி உடை, எண்ணெய் இல்லாத தலை, சாப்பிட்ட வயிறு, ஏறும்போது காதைத் திறப்பது, இறங்கும்போது மூச்சை விட்டுக்கொண்டிருப்பது.

என்னென்ன பிசகலாம்

காது வலிதான் மிகப் பொதுவானது. ஆக்சிஜன் நச்சால் வரும் வலிப்பு அரிது, பல ஆயிரம் சிட்டிங்கில் ஒன்று. முகமூடியைக் கழற்றியதும் நின்றுவிடும், நிரந்தரச் சேதம் வைப்பதில்லை. காய்ச்சலும் குறைந்த சர்க்கரையும் அதற்கான வாய்ப்பைக் கூட்டும்.

நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தேங்கும் நியூமோதோராக்ஸுக்குச் சிகிச்சை செய்யாமல் உள்ளே அனுப்பவே கூடாது. 2.4 ஏடிஏவில் அங்கே ஒரு லிட்டர் காற்று இருந்தால் வெளியே வரும்போது அது 2.4 லிட்டர், இதயத்தையே நெரித்துவிடும். முதல் சிட்டிங்குக்கு முன் மார்பு எக்ஸ்ரே கேட்பது இதனால்தான். செயற்கைச் சுவாசக் குழாயின் காற்றுப் பலூன் அழுத்தத்தில் சுருங்கிக் கசியும் என்பதால் அதில் காற்றுக்குப் பதில் உப்புநீர் நிரப்புவார்கள். புற்றுநோய்க்கு பிளியோமைசின், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களும், குடியை நிறுத்த டைசல்ஃபிரம் எடுப்பவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தீ அரிது, ஆனால் வந்தால் தப்ப முடியாது. பலர் அமரும் அறையில் காற்றின் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு விதி. 1997-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேர் இறந்தார்கள். நோயாளி ஒருவர் கையைச் சூடாக்கிக்கொள்ள உள்ளே கொண்டுபோன சிறு கருவியே காரணம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தனியார் மையத்தில் அறை வெடித்துச் சிறுவன் ஒருவன் இறந்தான். பையைச் சோதிக்காமல், உடையை மாற்றச் சொல்லாமல் உள்ளே விடும் மையத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

வீட்டுக்கு வரும் ஊதுபை

துணியாலான, ஜிப் வைத்த ஊதுபைகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் அழுத்தம் வழக்கமாக 1.3 ஏடிஏ, நிரம்பியிருப்பது சாதாரணக் காற்று. கணக்கைப் போடுவோம்: 21 சதவீத ஆக்சிஜன், 1.3 மடங்கு அழுத்தம், மொத்தம் 27-ஐ ஒட்டி. கடல் மட்டத்தில் 27 சதவீத ஆக்சிஜன் சுவாசிப்பதற்குச் சமம். மருத்துவமனையில் மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டாலே கிட்டத்தட்ட அது கிடைத்துவிடும். பிளாஸ்மாவில் கரைவது 0.3-இலிருந்து 0.45 மில்லிலிட்டருக்கு ஏறும், 2.4 ஏடிஏவில் கிடைக்கும் 5 எங்கே, இது எங்கே? உள்ளே ஆக்சிஜன் செறிவூட்டியின் குழாயைப் போட்டாலும், சாதாரணப் படுக்கையில் நல்ல முகமூடியில் கிடைப்பதைவிடப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. தீ ஆபத்து மட்டும் கூடும். இத்தகைய பைகளுக்கு எஃப்டிஏ அனுமதி கொடுத்தது மலையேறுபவர்களின் உயர நோய்க்கு மட்டுமே. அங்கே அவற்றின் வேலை, நோயாளியைச் சில ஆயிரம் அடி கீழே இறக்கியதுபோன்ற அழுத்தத்தைத் தருவது.

பணம் கட்டும் முன்

மையத்தில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. எத்தனை ஏடிஏ, எத்தனை நிமிடம், சுவாசிப்பது ஆக்சிஜனா காற்றா? “லேசான அழுத்தம்” என்ற பதில் பதிலே அல்ல, எண் வேண்டும். இயங்கும்போது பயிற்சி பெற்ற ஒருவர் அறையின் பக்கத்திலேயே இருப்பாரா, மருத்துவர் கட்டிடத்தில் இருப்பாரா? புண் என்றால், காலின் இரத்த ஓட்டத்தை முதலில் பார்த்தார்களா? புண்ணின் நீள அகலத்தை அளந்து, படம் எடுத்துக் குறிக்கிறார்களா? அந்த அளவு இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து முன்னேற்றம் உண்டா என்று யாருக்கும் தெரியாது, சிட்டிங் மட்டும் நீண்டுகொண்டே போகும். 40 சிட்டிங்குக்கும் மொத்தமாக முன்பணம் கேட்டால் மறுத்து, பத்து பத்தாகக் கட்டலாம். புகைப்பவர் அந்தக் காலம் முழுதும் நிறுத்த வேண்டும். நிகோடின் சுருக்கிய குழாய்களில் விலை கொடுத்து வாங்கிய ஆக்சிஜன் போய்ச் சேராது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பலர் செலவழித்த பிறகே தெரிந்துகொள்வது. 20 சிட்டிங்கைத் தாண்டியவர்களில் பலருக்குத் தூரத்து எழுத்து மங்கலாகும், படிக்கும் கண்ணாடி போட்டவருக்கு அது இல்லாமலே படிக்க முடியும். கண்ணின் லென்ஸில் ஆக்சிஜன் செய்யும் தற்காலிக மாற்றம் அது. சிகிச்சை முடிந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் பழைய பார்வை திரும்பிவிடும்; அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.